"லேடீஸ் செட்" எடுக்கணுமா? கோல்ஃப் அயர்ன் வாங்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

இந்த வாரம் வந்த ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். அனுப்புனவங்க நம்ம செஞ்சிப் பக்கத்துப் பொண்ணு, இப்போ சென்னையில ஐடி வேலை. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க சொன்னது இதுதான்:

"அக்கா, எங்க ஆபீஸ்ல பாதி பேச்சுவார்த்தை கோல்ஃப் மைதானத்துலதான் நடக்குது. அதனால நானும் கத்துக்க ஆரம்பிச்சேன். எங்க லீட் அவரோட பழைய அயர்ன் செட்டைக் கொடுத்தார். ஆறு மாசம் ஆச்சு. பந்து மேல எழும்பவே மாட்டேங்குது. 5 அயர்ன், 6 அயர்ன், 7 அயர்ன், எதுல அடிச்சாலும் ஒரே தூரம்தான். 'பொண்ணுங்களுக்கு அவ்ளோதான் போகும்'னு சொல்றாங்க. விட்டுடவா? இல்ல, ஒரு லட்சம் போட்டு லேடீஸ் செட் வாங்கிடவா?"

ரெண்டுமே வேண்டாம், கொஞ்சம் பொறுங்கம்மா. இந்த நோட்டுலயே நோய் என்னன்னு இருக்கு. "எதுல அடிச்சாலும் ஒரே தூரம்"னு சொன்னாங்க பாருங்க, அதுதான் துப்பு. ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

செஞ்சியில கோல்ஃப் மைதானம் கிடையாது. நம்ம ஊர்ல இருக்கிறது மூணு மலை, மூணையும் இணைக்கிற மதில், ஒரு கோட்டை. தமிழ்நாட்டுல கோல்ஃப்னா சென்னை நந்தனம், கோயம்புத்தூர், ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல்னு விரல் விட்டு எண்ணிடலாம். அப்பாவோ மாமாவோ கிளப் மெம்பரா இல்லாத ஒருத்தர் இந்த ஆட்டத்துக்குள்ள வர்றதே பெரிய விஷயம். அப்படி வந்தவங்களை ஒரு தப்பான இரும்புத் துண்டு திருப்பி அனுப்பக் கூடாது. அதுக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல, அயர்ன்னா என்ன?

கோல்ஃப் பையில விதிப்படி அதிகபட்சம் 14 கிளப் வச்சுக்கலாம். தூரமா அடிக்க டிரைவர், வுட். கடைசியில குழிக்குள்ள உருட்ட பட்டர். நடுவுல இருக்கிற வேலையெல்லாம் அயர்னோடது. அது மேல 5, 6, 7, 8, 9னு நம்பர் இருக்கும். நம்பர் ஏற ஏற கிளப் குட்டையாகும், முகம் வானத்தைப் பார்த்துச் சாயும். அந்தச் சாய்வுக்குப் பேர் லாஃப்ட். சாய்வு கூடினா பந்து உயரமா, கம்மி தூரம் போகும். சாய்வு குறைஞ்சா தாழ்வா, அதிக தூரம் போகும். பாடப் புத்தகக் கணக்கு இவ்வளவுதான்.

ஆனா அந்தக் கணக்குல ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு: அடிக்கிறவருக்குப் போதுமான வேகம் இருக்கணும். யாருக்குப் போதுமான வேகம்? அங்கதான் நம்ம கதை ஆரம்பிக்குது.

டிஃபால்ட் செட்டிங் யாரோடது?

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு டூலை இன்ஸ்டால் பண்ணும்போது வர்ற டிஃபால்ட் மதிப்பெல்லாம் யாரோ ஒருத்தரை மனசுல வச்சுப் போட்டது. கோல்ஃப்ல அந்த யாரோ ஒருத்தர் சுமார் 5 அடி 9, 10 அங்குலம் உயரமுள்ள வெளிநாட்டு ஆண். கடையில "ஸ்டாண்டர்டு"னு சொன்னா அவரோட அளவுன்னு அர்த்தம்.

இதுக்கு வரலாற்றுக் காரணமும் இருக்கு. 1754ல தொடங்கின செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், பெண்களை உறுப்பினரா சேர்க்க ஒத்துக்கிட்டது 2014லதான். அமெரிக்காவோட அகஸ்டா நேஷனல் 2012ல. வாசல்ல நிக்க வச்ச ஆளுக்கு அளவெடுத்து யார் சட்டை தைப்பாங்க?

அப்புறம் பெண்களுக்குன்னு செட் வந்தது. ரொம்ப நாளைக்கு அது ஆண்கள் செட்டையே ஒரு அங்குலம் குறைச்சு, கலர் மாத்தி விக்கிறதாத்தான் இருந்தது. இன்னைக்கு நிலைமை நல்லாவே மாறியிருக்கு. பெண்களுக்குன்னே தலை, ஷாஃப்ட், லாஃப்ட் எல்லாம் புதுசா வடிவமைக்கிற கம்பெனிகள் இருக்கு. ஆனா கடையில ரெண்டுமே "லேடீஸ்"ங்கிற ஒரே ஸ்டிக்கரோட நிக்குது. பிரிச்சுப் பார்க்க நமக்குத் தெரியணும்.

கேள்வி 1: பந்து எவ்வளவு உயரம் போகுது?

தூரத்தைப் பத்திக் கேட்கறதுக்கு முன்னாடி உயரத்தைக் கேளுங்க.

நம்ம கோட்டை மதில் பக்கம் நின்னு ஒரு கல்லை அந்தப் பக்கம் போடணும்னு வச்சுக்குவோம். (நிஜமா போடாதீங்க. 2025ல யுனெஸ்கோ பட்டியலுக்குப் போன இடம்.) கையில நல்ல வலு இருக்கிறவர் கிட்டத்தட்ட நேராவே வீசி மதிலைத் தாண்ட வச்சிடுவார். வலு கம்மியா இருக்கிறவர் மேல் நோக்கி வீசினாத்தான் தாண்டும். அவர் நேரா வீசினா கல் சுவத்துலதான் மோதும். தப்பு கையில இல்ல, கோணத்துல.

இதையே எண்ணுல பார்ப்போம். ஸ்கூல் ஃபிசிக்ஸ்படி, காத்தைக் கணக்குல எடுக்காம விட்டா, பந்து ஏறுற உயரம் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூணுல ரெண்டு பங்கானா உயரம் ஒன்பதுல நாலு பங்கு, அதாவது பாதிக்கும் கீழ. நிஜத்துல பந்தோட பின்சுழற்சியும் காத்துல அதைத் தூக்கிப் பிடிக்குது. வேகம் குறைஞ்சா அந்தச் சுழற்சியும் குறையும். ஆக, ரெண்டு பக்கமும் அடி.

உயரம் எதுக்கு? இறங்கறதுக்கு. பந்து கிரீன்ல செங்குத்தா இறங்கினா ரெண்டு குதி குதிச்சு நிக்கும். தாழ்வா வந்தா தட்டாமாலை சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் ஓடிடும். சுமார் 45 டிகிரிக்கு மேல செங்குத்தா இறங்கணும்னு ஃபிட்டிங் பண்றவங்க சொல்வாங்க.

தொழில்முறை ஆட்டக்காரங்களையே எடுத்துக்குவோம். ட்ராக்மேன்னு ஒரு ரேடார் கம்பெனி பல வருஷமா வெளியிட்ட சராசரிப்படி, ஆண்களோட பிஜிஏ டூர்ல 7 அயர்ன் ஸ்விங் வேகம் மணிக்கு 90 மைல், பந்து காத்துல போற தூரம் 172 கஜம். பெண்களோட எல்பிஜிஏ டூர்ல 76 மைல், 141 கஜம். இவங்க உலகத்தோட மிகச் சிறந்த பெண்கள். சனி ஞாயிறு மட்டும் ரேஞ்சுக்குப் போற நம்ம வேகம் இதை விட நிறையவே குறையும்.

இப்போ சந்தையில நடக்கிறதைப் பாருங்க. முன்ன ஒரு 7 அயர்ன்ல லாஃப்ட் 34, 35 டிகிரி இருக்கும். இப்போ "டிஸ்டன்ஸ் அயர்ன்"னு விக்கிற ஆண்கள் செட்டுல அது 28, 29 வரைக்கும் இறங்கியிருக்கு. சாய்வைக் குறைச்சு, பழைய 5 அயர்ன், 6 அயர்ன் மேல 7னு நம்பர் போட்ட மாதிரிதான். வாங்கறவருக்கு "என் 7 அயர்ன் எவ்வளவு தூரம் போகுது பார்"னு சந்தோஷம். வேகமா அடிக்கிறவருக்குப் பிரச்சினை இல்ல, தலையில எடையைக் கீழ தள்ளி வச்சு உயரத்தை ஓரளவு மீட்டுடறாங்க. வேகம் கம்மியானவங்களுக்கு அந்த 28 டிகிரி, மதில் மேல மோதுற கல்தான்.

அதனால கிளப்போட அடியில இருக்கிற நம்பரை நம்பாதீங்க. அந்த மாடலோட விவரப் பட்டியல்ல லாஃப்ட் எத்தனை டிகிரின்னு பாருங்க. 7 அயர்ன் தூரம் 100 கஜத்துக்குக் கீழ இருக்கிறவங்க 31 டிகிரிக்கு மேல இருக்கிறதுல இருந்து ஆரம்பிச்சுப் பார்க்கலாம். பெண்கள் செட்டுகள்லயும் சிலது தூரத்துக்காக லாஃப்டைக் குறைச்சு வர்றதால, ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு பண்ண முடியாது.

கேள்வி 2: ஷாஃப்ட் எத்தனை கிராம்?

ஆண்கள் அயர்ன்ல பெரும்பாலும் ஸ்டீல் ஷாஃப்ட். அது மட்டுமே 90ல இருந்து 130 கிராம் வரைக்கும் வரும். பெண்கள் செட்டுல வர்ற கிராஃபைட் ஷாஃப்ட் 45ல இருந்து 60 கிராம். கையில தூக்கிப் பார்த்தா பெரிய வித்தியாசமா தெரியாது. ஆனா அதை ஒரு மணி நேரத்துல நூறு தடவை தலைக்கு மேல கொண்டு போய் வீசணும். எழுபதாவது பந்துல தோள் சொல்லும் வித்தியாசத்தை.

எடைக்கு அப்புறம் ஃப்ளெக்ஸ், அதாவது ஷாஃப்ட் எவ்வளவு வளையுதுங்கிறது. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ்னு எழுத்து போட்டிருப்பாங்க. எல்னா லேடீஸ், ஆர்னா ரெகுலர், எஸ்னா ஸ்டிஃப். வேகம் கம்மியா இருந்து ஷாஃப்ட் கட்டையா இருந்தா, கையில பலகையைப் பிடிச்சு அடிக்கிற மாதிரி இருக்கும். அடிச்ச அதிர்வு நேரா முழங்கைக்கு வரும். பந்து வலது பக்கமா தாழ்ந்து போகும்.

இதுல ஒரு கூத்து இருக்கு. இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியோட எல், இன்னொரு கம்பெனியோட ஏவா இருக்கலாம். செருப்புக் கடையில 6ம் நம்பர்னு சொன்னா போட்டுப் பார்க்காம வாங்குவீங்களா? அதே மாதிரிதான். எழுத்தை ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்கிட்டு, அடிச்சுப் பார்த்து முடிவெடுங்க.

கேள்வி 3: நீளமும் கோணமும் யாருக்கு எடுத்த அளவு?

மண்வெட்டிக்குக் காம்பு போடறப்போ பிடிக்கப் போற ஆளைப் பார்த்துத்தான் போடுவாங்க. உயரமானவர் காம்பைக் குட்டையானவர் பிடிச்சா இடுப்புல இடிக்கும், வெட்டு சாய்ஞ்சு விழும். கோல்ஃப்ல "ஃபிட்டிங்"னு பெரிய பேர் வச்சிருக்கிறது இதைத்தான்.

ஆண்கள் 7 அயர்ன் சுமார் 37 அங்குலம், பெண்களோடது சுமார் 36. இந்த 36, அமெரிக்கப் பெண்ணோட சராசரி உயரத்தை, அதாவது சுமார் 5 அடி 4 அங்குலத்தை ஒட்டின ஒரு கணக்கு. இந்தியப் பெண்களோட சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அஞ்சு அடிக்குக் கொஞ்சம் கீழ. ஆக, "லேடீஸ் ஸ்டாண்டர்டு"ம் நம்மள்ல பாதிப் பேருக்கு நீளம்தான். சில பிராண்டுகள் "பெட்டீட்"னு இன்னும் குட்டையான அளவும் வச்சிருக்கு. கடைக்காரர் தானா சொல்ல மாட்டார், நீங்கதான் கேட்கணும்.

உயரம் மட்டும் பார்த்தாலும் போதாது. குட்டையா இருந்தாலும் கை குட்டையா இருந்தா கிளப் நீளமாத் தேவைப்படலாம். அதுக்கு ஒரு எளிய அளவு: விளையாடற ஷூவைப் போட்டுக்கிட்டு நேரா நில்லுங்க, கையைத் தளர்வா தொங்க விடுங்க, மணிக்கட்டு மடிப்புல இருந்து தரை வரைக்கும் இன்னொருத்தரை டேப் பிடிக்கச் சொல்லுங்க. உயரமும் இந்த அளவும் சேர்ந்ததுதான் ஃபிட்டிங்கோட முதல் படி.

அடுத்தது லை ஆங்கிள். பந்து முன்னாடி கிளப்பை வச்சு நிக்கும்போது ஷாஃப்டுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற கோணம். உங்களுக்கு நீளமான கிளப்பைப் பிடிச்சா கை தாழ்ந்து, கிளப்போட மூக்கு மேல தூக்கிக்கும், குதிகால் பக்கம் தரையில உரசும். வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். கோச் "கையைத் திருப்பாத"ன்னு கத்திக்கிட்டே இருப்பார். கை ஒரு பாவமும் பண்ணியிருக்காது.

இதைச் சோதிக்க ஆபீஸ் ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்து மேல தடிமனா ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்த்துச் செங்குத்தா நிக்கிற மாதிரி வைங்க. அடிச்சதும் கோடு கிளப் முகத்துல ஒட்டிக்கும். செங்குத்தா ஒட்டியிருந்தா கோணம் சரி. சாய்ஞ்சு ஒட்டியிருந்தா பொருந்தல. ஒரு தடவையை நம்பாம அஞ்சாறு தடவை பாருங்க.

"வெட்டிக் கொடுத்தா சரியாகிடும்" சரியா?

வீட்டுல பழைய ஆண்கள் செட் இருந்தா எல்லாரும் சொல்ற யோசனை, ஒரு அங்குலம் அறுத்துடலாம்னு. நீளம் சரியாகும், மத்ததெல்லாம் கெடும். ஷாஃப்டை வெட்டினா அது முன்னை விடக் கட்டையாகும், ஏற்கனவே அதுதான் பிரச்சினை. எடை பெருசா குறையாது. ஸ்விங் வெயிட்னு சொல்ற தலைக்கனம், ஒரு அங்குலத்துக்குச் சுமார் 6 புள்ளி இறங்கும். தலை எங்க இருக்குன்னே கைக்குத் தெரியாம போயிடும். லாஃப்ட் அதே 28 டிகிரி. அறுத்த காசுக்கு நல்ல செகண்ட்ஹேண்ட் 7 அயர்ன் ஒண்ணு தேடலாம்.

கேள்வி 4: தலை எவ்வளவு மன்னிக்கும்?

நாம எல்லாப் பந்தையும் நடு முகத்துல அடிக்கப் போறதில்ல. ஓரத்துல பட்டாலும் தலை முறுக்கிக்காம இருக்கணும். அதுக்கு எடையை நடுவுல குவிக்காம ஓரங்களுக்குப் பரப்பணும். முதுகுப் பக்கம் குழி விட்ட மாதிரி இருக்கிற கேவிட்டி பேக் அயர்ன் எல்லாம் இந்த யோசனைதான்.

இதைப் பரவலாக்கினவர் எஞ்சினியர்ங்கறதுல எனக்குக் கொஞ்சம் பெருமை. கார்ஸ்டன் சோல்ஹெய்ம், நார்வேயில பிறந்தவர், ஜெனரல் எலக்ட்ரிக்ல வேலை பார்த்தவர். 1959ல வீட்டுக் கராஜ்ல ஒரு பட்டர் செஞ்சார். அதுதான் பிங் கம்பெனி ஆச்சு. லை ஆங்கிளுக்கு ஏத்த மாதிரி கிளப்புல கலர் புள்ளி வைக்கிற முறையும் அவங்க கொண்டு வந்ததுதான். ஆளுக்குத் தக்க கிளப்னு சொன்ன அந்த மனுஷன் பேர்லதான், 1990ல இருந்து அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் அணிகள் மோதுற சோல்ஹெய்ம் கோப்பை நடக்குது.

தொடங்கறவங்களுக்கு: முதுகுல குழி, அடிப்பாகம் அகலம், எடை கீழ. பிளேடு மாதிரி மெலிசா பளபளன்னு இருக்கிறது அழகுதான். காசு கொடுத்து வாங்கிப் பூஜை அறையில வச்சுக்கலாம்.

கேள்வி 5: எத்தனை அயர்ன் தேவை?

இங்கதான் "எதுல அடிச்சாலும் ஒரே தூரம்"ங்கிற துப்புக்கு விடை. எல்பிஜிஏ சராசரியில 6 அயர்ன் 152 கஜம், 7 அயர்ன் 141, 8 அயர்ன் 130. ஒவ்வொரு படிக்கும் பத்து, பதினோரு கஜம் இடைவெளி. வேகம் குறையக் குறைய இந்தப் படிகள் நெருங்கிக்கிட்டே வரும். ஒரு கட்டத்துக்குக் கீழ 5 அயர்ன் பந்தைத் தூக்கவே முடியாம, 7 அயர்ன் விழுற இடத்துலயே விழும். சில நாள் அதுக்கும் முன்னாடி விழும். உங்க வேகத்துக்கு அந்த கிளப் சும்மா பையில தூங்குதுன்னு அர்த்தம். ஆனா அதுக்கும் காசு கொடுத்திருப்பீங்க.

சோதனை எளிது. 7, 6, 5 மூணுலயும் பத்துப் பத்து பந்து அடிங்க. மோசமான ரெண்டு ரெண்டை விட்டுட்டு மீதிக்குச் சராசரி எடுங்க. ரெண்டு கிளப்புக்கு நடுவுல எட்டு கஜமாவது வித்தியாசம் இல்லன்னா அதுல நீளமானது தேவையில்ல. அந்த இடத்துல ஹைப்ரிட் இல்லன்னா 7 வுட் வைங்க. அதுங்களோட எடை கீழயும் பின்னாடியும் இருக்கிறதால, கம்மி வேகத்துலயும் பந்து எழும்பும்.

ஹைப்ரிட் வச்சா கத்துக்குட்டின்னு நினைக்கிறவங்களுக்கு அதிதி அசோக்கைக் காட்டுங்க. பெங்களூர்க்காரர். ரியோ 2016, டோக்கியோ, பாரிஸ் 2024ன்னு மூணு ஒலிம்பிக் ஆடினவர். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக்கோட கடைசி நாள் ஆட்டம், விடியக்காலையில பாதி இந்தியா கோல்ஃப் விதி தெரியாமலே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது. அவர் 15 அண்டர் பார், நாலாவது இடம். தங்கம் வாங்கின நெல்லி கோர்டா 17 அண்டர். ரெண்டே ஸ்ட்ரோக்!

அந்தக் களத்துல கம்மி தூரம் அடிச்சவங்கள்ல அதிதியும் ஒருத்தர். மத்தவங்க குட்டை அயர்ன் எடுத்த இடத்துல இவர் ஹைப்ரிடும் ஃபேர்வே வுட்டும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார், கிரீனுக்குக் கொண்டு போனார், பட்டரால முடிச்சார். ஸ்கோர்கார்டுல எந்த கிளப்னு எழுத இடமே கிடையாது. எத்தனை அடின்னு மட்டும்தான் எழுதணும்.

கேள்வி 6: கிரிப்பும் தரையும் நம்ம ஊருக்குச் சரியா?

கிரிப் தடிமனா இருந்தா விரல் சுத்தி வராது, இறுக்கிப் பிடிப்போம், முன்கை இறுகும், வேகம் போயிடும். இடது கையால பிடிச்சுப் பாருங்க. நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கை மேட்டை லேசா தொட்டா சரி. தொடவே இல்லன்னா தடிமன் அதிகம். உள்ள அழுந்திப் புதைஞ்சா மெலிசு. மொத்தச் செட்டுலயும் ரொம்பக் கம்மி செலவுல மாத்தக்கூடிய விஷயம் இதுதான்.

சென்னை மே மாசத்துல கை வியர்வை நிக்காது. வழவழப்பான ரப்பரை விட நூல் கலந்த கார்டு கிரிப் வழுக்காது, ஆனா கொஞ்சம் உரசும். ரெண்டையும் தொட்டுப் பார்த்து எடுங்க. தரையும் அப்படித்தான். கோடையில காஞ்சு இறுகின தரையில அடிப்பாகம் ரொம்ப உருண்டையா, தடிமனா இருந்தா எகிறி பந்தோட மண்டையில பட்டுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில நனைஞ்ச தரையில மெலிசா இருந்தா மண்ணுக்குள்ள புதையும். ரெண்டுக்கும் நடுவுல மிதமான அகலம் நமக்கு ஒத்துவரும்.

அப்போ பெண்கள் எல்லாரும் லேடீஸ் செட்டா?

இல்லவே இல்ல. உயரமா, வேகமா அடிக்கிற பெண்ணுக்கு எல் ஃப்ளெக்ஸ் குச்சி மாதிரி ஆடும், பந்து எங்கெங்கயோ போகும். அவங்களுக்கு ஆண்கள் பக்கம் இருக்கிற லேசான ஆர் ஷாஃப்ட்தான் சரி. மறுபக்கம், அறுபது தாண்டின நிறைய ஆண்களுக்கு லேடீஸ் ஷாஃப்ட் கச்சிதமா பொருந்தும். ஸ்டிக்கரைப் பார்த்துட்டுத் தொட மாட்டாங்க, நஷ்டம் அவங்களுக்குத்தான். கோல்ஃப் பந்துக்கு ஆண் பெண் தெரியாது. அதிகபட்சம் 45.93 கிராம், எல்லாருக்கும் ஒரே விதி. அதுக்குத் தெரிஞ்சது வேகம், கோணம், சுழற்சி மட்டும்தான்.

இடது கைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பெண்கள் செட்டுல இடது கை மாடல் ரொம்பக் கம்மி. ஆனா டெஃப்லிம்பிக்ஸ் தங்கமும் வாங்கி, டோக்கியோ ஒலிம்பிக்லயும் ஆடின தீக்ஷா தாகர் இடது கை ஆட்டக்காரர்தான். செட்டா கிடைக்கலன்னா ஒவ்வொண்ணா சேருங்க. யாரும் ஒரே நாள்ல 14 கிளப் வாங்கணும்னு சட்டம் இல்ல.

வாய்ஸ் நோட்டுக்கு நேரடி பதில்

லட்சம் வேண்டாம். லீட் கொடுத்த செட்டைப் பத்திரமா திருப்பிக் கொடுத்துடுங்க. முதல்ல ஒரே ஒரு 7 அயர்ன்: கிராஃபைட் ஷாஃப்ட், எல் இல்லன்னா ஏ, லாஃப்ட் 31க்கு மேல, உங்க மணிக்கட்டு அளவுக்கு ஏத்த நீளம். செகண்ட்ஹேண்டா இருந்தாலும் பரவாயில்ல. வாங்கறதுக்கு முன்னாடி முகத்துல இருக்கிற கோடுகள் தேய்ஞ்சிருக்கா, ஷாஃப்ட்ல கீறல் இருக்கா, யாராவது வெட்டியிருக்காங்களான்னு பாருங்க. ரெண்டு மாசம் அதை மட்டும் அடிங்க. பந்து எழும்ப ஆரம்பிச்சதும் 9 அயர்ன், ஒரு ஹைப்ரிட், ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். இந்த அஞ்சு போதும், ஒரு முழு ரவுண்டு ஆடிடலாம்.

முழு செட் வாங்கற நாள் வந்தா, லாஞ்ச் மானிட்டர் இருக்கிற இடத்துல ஒரு ஃபிட்டிங் எடுத்துட்டு வாங்குங்க. அங்க "தூரம் எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்காதீங்க. உச்ச உயரம், இறங்குற கோணம், நடுவுல பட்டதா, இந்த மூணையும் ஸ்கிரீன்ல காட்டச் சொல்லுங்க. ரேஞ்சுப் பந்து பழசா இருந்தா தூரம் குறைச்சலாத்தான் காட்டும், அதுக்காகக் கவலைப்பட வேண்டாம். முழங்கையிலயோ மணிக்கட்டிலயோ வலி வந்தா அன்னைக்கு நிறுத்திடுங்க. வலியைப் பொறுத்துக்கிறது பயிற்சி இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். சரியான கிளப் வந்ததும் மந்திரம் மாதிரி எல்லாம் மாறிடாது. கோச் வேணும், பொறுமை வேணும், நூத்துக்கணக்குல பந்து அடிக்கணும். ஆனா தப்பான கிளப்போட அடிக்கிற நூறு பந்து, தப்பான பழக்கத்தை நூறு தடவை மனப்பாடம் பண்றது. பந்தைத் தூக்கணும்னு உடம்பைப் பின்னாடி சாய்ப்போம். அது ஒட்டிக்கிட்டா அப்புறம் நல்ல கிளப் வந்தாலும் கழட்டறது கஷ்டம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கறவங்களுக்கு

1. பந்து உயரமா போய் நிக்குதா? லாஃப்ட் எத்தனை டிகிரி?
2. ஷாஃப்ட் எத்தனை கிராம்? எழுத்தை நம்பாம அடிச்சுப் பார்த்தாச்சா?
3. நீளமும் லை ஆங்கிளும் என் உடம்புக்கு எடுத்த அளவா?
4. ஓரத்துல பட்டாலும் தலை தாங்குமா?
5. ஒவ்வொரு கிளப்புக்கும் தூர இடைவெளி இருக்கா? இல்லாததுக்குப் பதிலா ஹைப்ரிட் இருக்கா?
6. கிரிப்பும் அடிப்பாகமும் என் கைக்கும் நம்ம தரைக்கும் சரியா?

இந்த ஆறையும் கேட்டா கடைக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். "கலர் என்ன கலர்லங்க வேணும்?"னு ஆரம்பிச்சா, அடுத்த கடைக்குப் போங்க.

உங்க வீட்டுப் பரண்ல பழைய அயர்ன் ஏதாவது கிடந்தா, ஷாஃப்ட்ல என்ன எழுத்து, லாஃப்ட் எவ்வளவுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா ஒரு பத்து வந்தா அதை வச்சே அடுத்த கேள்வி பதில் எபிசோட் போடலாம். அது வரைக்கும் டாட்டா.